நானூறு மீற்றருக்கு எந்தப் பணம்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது.

நான் இருபத்திரண்டு வருடமாகக் கதை எழுதுகிறேன். பகலில், இங்கே நோர்வேயில், லோறென்ஸ்கூக் என்ற ஊரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. மிச்ச நேரமெல்லாம் எழுத்து. என் மனைவி றோஸ் இதுவரை எழுதியவை கடைச் சாமான் பட்டியலும் பிள்ளைகளின் லீவுக் கடிதங்களும்தான். அந்த றோஸ் போன மாதம் கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, ஒன்பது வரியில் ஒரு கடிதம் எழுதினாள். அதே விஷயத்துக்கு நானும் ஒன்று எழுதினேன். இரண்டு பக்கம், நோர்வேஜிய மொழியில், மகள் ஹன்னா இலக்கணம் திருத்தித் தந்தது. கோப்பைப் பார்த்த அலுவலர் தன் அறிக்கையில் எடுத்துப் போட்டது அந்த ஒன்பது வரியை.

ஒரு கதாசிரியனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அன்று மாலையே இந்தக் கதையைத் தொடங்கினேன். தொடங்கினேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. கீழே நீங்களே பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: "மோர்டென்ஸ்ருட்டின் விளிம்பில், பனி உருகும் காலத்தில், ஒரு சாலை தன் விதியை எதிர்நோக்கி"

[சாலைக்கு ஏது விதி? திட்டம்தான் உண்டு. வெட்டு.]

இரண்டாம் தொடக்கம்: "இரக்கமே இல்லாத ஓர் அதிகாரி இருந்தாள்."

[இதை மூன்று நாள் வைத்திருந்தேன். ஏன் வெட்டினேன் என்பதை நாலாம் பகுதியில் சொல்கிறேன்.]

மூன்றாம் தொடக்கம்: "போன நவம்பரில் ஒரு லொறியின் பக்கக் கண்ணாடி என் மனைவியின் தோள்பையைப் பிய்த்துக்கொண்டு போனது."

[இதை வெட்ட முடியாது. இதிலிருந்தே போகலாம்.]

நாங்கள் இருப்பது மோர்டென்ஸ்ருட் விளிம்பில் ஒரு வரிசை வீடு. றோஸுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டைவிட்டு இறங்கினால்தான் வேலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். பஸ் தரிப்பிடத்துக்குப் போக நானூறு மீற்றர் பெருந்தெருவோரம் நடக்க வேண்டும். நடைபாதை இல்லை. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் ஒரு சின்னக் குளம். நடுவில் தெரு. தெருவில் லொறிகள்.

பை போன அன்று அவள் எனக்குப் போனில் சொன்னது: "பைதான் போனது. சாப்பாட்டுப் பெட்டியும் போச்சு. எனக்கு ஒண்டுமில்லை." நான் கிடங்கில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

3

இனிக் கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் பிறகு எனக்குக் கடிதம் எழுதக்கூடாது.

அந்தத் தெருவை அகலமாக்கி, நடைபாதை போட ஒரு திட்டம் வந்தது. மொத்தம் இரண்டு கிலோமீற்றர். பணம் இரண்டு பையிலிருந்து வருகிறது: பாதி அரசுப் பணம், பாதி கொம்யூன் பணம். அரசுப் பணம் விழுகிற இடத்தில் முழுச் சுற்றுச்சூழல் ஆய்வு நடக்க வேண்டும். குளம், மரம், பறவை, இரைச்சல் எல்லாவற்றையும் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். கொம்யூன் பணம் மட்டும் விழுகிற இடத்துக்கு நாலு பக்கப் படிவம் ஒன்று போதும்.*

எந்தப் பணத்தை எந்தத் துண்டில் போடுவது என்பதை யார் தீர்மானிப்பது? கொம்யூன் அலுவலகத்து மேலாளர்தான். மேசையில் ஒரு வரைபடமும் ஒரு பென்சிலும். வடக்குத் துண்டு வெறும் பாறை. ஆய்வுக்காரர் அங்கே வந்தால் கோப்பி குடித்துவிட்டுப் போகலாம். தெற்குத் துண்டில்தான் எங்கள் நானூறு மீற்றரும் குளமும். ஆகவே அரசுப் பணம் வடக்குக்கு, கொம்யூன் பணம் தெற்குக்கு என்று கோடு விழுந்தது. பாறையை ஆராய்வார்கள். குளத்தில் மே மாதம் கல் கொட்டித் தெருவை அகலமாக்குவார்கள். யாரும் களவெடுக்கவில்லை. ஒவ்வொரு வரியும் சட்டப்படி சரி.

எனக்கு அந்தக் கோடு மிகவும் பிடித்திருந்தது. மே மாதம் வேலை தொடங்கினால் அடுத்த நவம்பருக்குள் றோஸ் நடைபாதையில் நடப்பாள். அதற்காகத்தான் அந்த இரண்டு பக்கக் கடிதத்தை எழுதி, தமிழர்களே அதிகம் இருக்கும் எங்கள் வீட்டுச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் மாதிரிக் கடிதமாகப் போட்டேன். "பெயரை மாற்றி அனுப்புங்கள்." என்னையும் சேர்த்து எண்பத்தாறு பேர் அனுப்பினார்கள்.**

* இந்த விதி இந்தக் கதைக்காக நான் வெட்டி ஒட்டிய விதி. இதை நம்பி வக்கீலிடம் போகாதீர்கள்.

** அதில் இரண்டு பேர் என் பெயரை அழித்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட மறந்துவிட்டார்கள். மூன்று பேர் என் பெயரையே மாற்றவில்லை. கொம்யூன் கோப்பில் அல்பேர்ட் என்று நாலு பேர் இருக்கிறோம்.

4

இப்போது அந்த அதிகாரி. பெயர் டிலக்சி. வயது முப்பத்தாறு. தாய் தகப்பன் நாட்டின் வட கோடியில், ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய எங்கள் ஆட்கள். அவள் அங்கே பிறந்து வளர்ந்து, இங்கே வந்து படித்து, தெருத் திட்டங்களின் கோப்புகளைப் பார்க்கிறாள். இவளைத்தான் நான் இரக்கமில்லாதவள் என்று எழுத இருந்தேன். ஏனென்றால், கோட்டை அழிக்கச் சொல்லி அறிக்கை எழுதியவள் இவள்.

அவள் எழுதியது இவ்வளவுதான்: பணம் இப்படிப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஆய்வு தேவையில்லாத இடத்தில் ஆய்வு நடக்கும், தேவையான இடத்தில் நடக்காது. அரசுப் பணத்தைத் தெற்குத் துண்டுக்கு மாற்றும்படி பரிந்துரைக்கிறேன். குளத்தை இரண்டு வசந்த காலம் அவதானிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு வசந்தம் என்றால் இரண்டு குளிர்காலம். இரண்டு நவம்பர்.

வாசித்தவுடன் எனக்கு வந்த கோபத்தில் அவளுக்கு ஒரு கொடூர முகம் எழுதினேன். மெல்லிய உதடு, குளிர்ந்த கண். [வெட்டு. நான் அவளை அப்போது பார்த்ததே இல்லை.] பிறகு அறிக்கையின் பின்னிணைப்பைத் திறந்தேன். என் எண்பத்தாறு கடிதங்களையும் ஒரே கட்டாகக் கட்டி, ஒரே பதிலைப் போட்டுவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில். ஒருவர் என் மாதிரிக்குக் கீழே "என் மகனுக்கு ஆஸ்த்மா" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரிக்கு அரைப் பக்கம் புழுதி பற்றி எழுதியிருந்தாள். பெயர் போடாத இரண்டு பேருக்கும் பதில் இருந்தது. நாலு அல்பேர்ட்டுக்கும் நாலு பதில். சிரித்தாளோ தெரியாது. அறிக்கையில் சிரிப்பு இல்லை.

மேலாளர் போட்ட கோட்டை மாற்றச் சொல்லி, தன் பெயரைப் போட்டு, ஊர் முழுக்கத் திட்டும் என்று தெரிந்தும் எழுதுகிற ஆளை நான் என் கதைகளில் பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். அப்படியான ஆளுக்கு நான் எப்போதும் நீண்ட வசனம் கொடுப்பேன். இவளிடம் அட்டவணைதான் இருந்தது. எனக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. வேண்டாம் என்றுதான் பார்த்தேன், வந்துவிட்டது.

5

அந்த அட்டவணையின் கடைசியில் எண்பத்தேழாவது கடிதம். அதை இங்கே தமிழில் தருகிறேன். ஒரு சொல்லைக்கூட நான் மெருகேற்றவில்லை. கை துறுதுறுத்தது என்பது உண்மை.

என் பெயர் றோஸ். கிழமையில் ஐந்து நாள், காலை ஐந்தே முக்காலுக்கு அந்த வழியால் நடக்கிறேன்.
நவம்பரில் ஒரு லொறி என் பையைக் கொண்டுபோனது. எனக்கு நடைபாதை வேண்டும்.
போன ஏப்ரலில், மழை பெய்த காலைகளில், கறுப்பாக, பல்லியைவிடப் பெரிய சில பிராணிகள் தெருவைக் கடந்து குளத்துக்குப் போயின.
பெயர் தெரியாது. வயிறு செம்மஞ்சள் நிறம்.
மெதுவாகத்தான் போகும். பதினொன்றைக் கையுறையால் தூக்கிக் குளத்துப் பக்கம் விட்டேன். மூன்று ஏற்கெனவே நசிந்திருந்தன.
உங்கள் வரைபடத்தில் குளம் இருக்கும் இடத்தில் கல் என்று போட்டிருக்கிறது.
அவை அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.
தோண்ட முன் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.
நடைபாதையும் வேண்டும்.

அதற்கு டிலக்சி எழுதிய பதில்: "நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பெரிய நீர்ச் சலமந்தர், தவளைபோல நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணி. இந்த நாட்டில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். எங்களிடம் இந்தக் குளம் பற்றி எந்தத் தகவலும் இருக்கவில்லை. நன்றி."

குசினியில் றோஸ் பருப்பு கழுவிக்கொண்டிருந்தாள். கணினியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் திருத்தி எழுதியிருப்பியள்."

கணினியை மூடினேன்.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிலக்சி எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்தாள். யாரும் அவளை வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. ஓய்வு நாள். சின்ன உருவம், பெரிய குளிர்ச் சட்டை, உதடு மெல்லியதில்லை.

"உங்களுக்குப் பிடிக்காத ஒண்டைச் சொல்லத்தான் வந்தனான்," என்றாள். "வீட்டிலை இருந்து திட்டுறதை நேரிலை திட்டுங்கோ. கேள்வி இருந்தாலும் கேளுங்கோ."

சங்கத் தலைவர் இரத்தினவேல் அண்ணை எழுந்தார். நல்ல மனிதர், ஒலிவாங்கி கிடைத்தால் மட்டும் கொஞ்சம் நீளுவார். "பிள்ளை, நீர் எங்கடை ஆள். வராது வராது எண்டிருந்த தெரு இப்பத்தான் வருது. மேயிலை வேலை துவங்கப் போகுது. நீரே குறுக்கை நிக்கலாமோ? ஆரோ ஒருத்தர் பல்லியைப் பற்றி எழுதினதாம். வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு மடியுக்கை விட்ட கதையாயெல்லோ போச்சு!"

மண்டபம் சிரித்தது. நானும் பாதி சிரித்தேன். பக்கத்தில் இருந்த றோஸ் எழுந்துவிட்டாள்.

"அண்ணை, அது நான்தான். மடியுக்கை விடேல்லை. குளத்துக்கை விட்டனான்."

சிரிப்பு நின்றது. இரத்தினவேல் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

றோஸ் டிலக்சியைக் கேட்டாள். "பிள்ளை, ரெண்டு வருசமெண்டா ரெண்டு வருசம்தானோ? இழுபடுமோ?"

இந்த இடத்தில் நான் டிலக்சியாக இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன். நல்ல பொய்யாகத்தான், ஆறுதலுக்கு.

"இழுபடலாம் அன்ரி," என்றாள் டிலக்சி. "இழுபடாது எண்டு சொன்னா அது பொய். ஸ்பீடை நாப்பதுக்குக் குறைக்கச் சொல்லி எழுதியிருக்கிறன். லைட்டும் கேட்டிருக்கிறன். அதுவும் கிடைக்கும் எண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது."

"அப்ப எனக்கு ஏதும் நடந்தா?"

டிலக்சி சொன்னாள்: "நடந்தா, அறிக்கையிலை என்ரை பேர் இருக்கு. நான் அதைத் தெரிஞ்சுதான் போட்டனான். நித்திரை இல்லை அன்ரி."

றோஸ் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு தோடம்பழம் எடுத்து, உரித்து, பாதியை முன்வரிசைக்குப் போய் டிலக்சியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால் தோடம்பழம் வைக்கத் தோன்றியிருக்காது.

7

நகரசபை செவ்வாய்க்கிழமை வாக்களிக்கிறது. எனக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: மேலாளரின் கோடு வெல்கிறது. மேயில் கல் வருகிறது. நவம்பரில் றோஸ் புதிய நடைபாதையில் நடக்கிறாள், வெளிச்சத்தில், கைகளை வீசிக்கொண்டு. ஏப்ரலில் மழை பெய்கிறது. தெருவைக் கடக்க ஒன்றும் வரவில்லை. [சுகமான முடிவு. எழுதிவிட்டு நான் அன்று நன்றாகச் சாப்பிட்டேன். அதுதான் என்னை உறுத்துகிறது.]

முடிவு ஆ: டிலக்சியின் அறிக்கை வெல்கிறது. ஆய்வுக்காரர் வந்து குளத்தோரம் முழங்காலிட்டுப் பார்க்கிறார்கள். முதல் குளிர்காலம் கழிகிறது. இரண்டாவது நவம்பரில், ஒரு காலை, ஐந்து ஐம்பதுக்கு, றோஸ்

[இந்த வசனத்தை என்னால் முடிக்க முடியாது. ஐந்து தடவை முயன்றேன்.]

முடிவு இ: குளமும் தப்புகிறது, நடைபாதையும் மரப்பாலமாக உடனே வருகிறது, டிலக்சி பிரிவுத் தலைவியாகிறாள். [கதைக்குள்கூட இதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.]

மூன்றையும் றோஸுக்கு வாசித்துக் காட்டினேன். இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கு நான் வாசித்துக் காட்டிய முதல் கதை இது. ஆவன்னாவின் அரை வசனத்தில் நான் நின்றுவிட்டதை அவள் கவனித்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் என்ன நினைக்கிறியள்? எதுக்குக் கை தூக்குவியள்?"

"ஆனாவுக்கு, முதல் முடிவுக்கு," என்றேன். வெட்கப்படாமல் சொன்னேன். "எனக்கு நீ வேணும்."

அவள் சிரித்தாள். நாளைக்குப் போட வேண்டிய சப்பாத்தைக் கதவடியில் எடுத்து வைத்தாள்.

"ரெண்டு வருசம் நான் பாத்து நடக்கிறன். அதுகளுக்குப் பாத்து நடக்கத் தெரியாது."

இந்த வசனத்துக்குப் பிறகு முடிவு எழுத எனக்குத் துணிவில்லை. அவளைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. இரண்டில் எது கூட என்று கேட்டால் பயம்தான் கூட.

ஆகவே கதையைத் திங்கட்கிழமையில் நிறுத்துகிறேன். மேலாளரின் கோடும் டிலக்சியின் கோடும் உங்கள் முன்னால் இருக்கின்றன. டிலக்சி எதையும் மறைக்கவில்லை, நானும் முடிந்தவரை மறைக்கவில்லை. கையைத் தூக்க வேண்டியது இனி நீங்கள். எந்தப் பக்கம் தூக்கினாலும் நான் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. தூக்குமுன் ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள்: நாளைக்கும் ஐந்தே முக்காலுக்கு றோஸ் அந்த வழியால்தான் போகிறாள்.