நெருப்புக்கு அடுத்த பாடம்

பன்னிரண்டாவது பாடத்திட்டம் செவ்வாய்க்கிழமை காலை ஒரு அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. கல்வி அதிகாரி வருவதோ வியாழக்கிழமை. நடுவில் இருந்தது ஒரே ஒரு புதன்கிழமை. அதற்குள் பெட்டியைப் பிரித்து, ஆசிரியர் கையேட்டைப் படித்து, வருடத் திட்டத்தைப் புதிதாக எழுதி, பழையதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று சுண்டுவின் அம்மா கணக்குப் போட்டாள். பதினோரு முறை செய்தவளுக்குப் பன்னிரண்டாவது முறை ஒரு பெரிய காரியமா?

சுண்டுவுக்கு ஒன்பது வயது. போன வருடம்தான் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து சத்தமாகப் படிக்க வேண்டும். இவள் முறை வந்தால் நாலாவது வரியிலோ ஐந்தாவது வரியிலோ ஏதாவது ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். டீச்சர் காத்திருக்க மாட்டார். அடுத்த பிள்ளையைப் படிக்கச் சொல்லிவிடுவார். தினமும் இதே கூத்து. ஆறு மாதத்தில் சுண்டு தன் சட்டைக் கையை மென்று மென்று நூலாக்கிவிட்டாள். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அந்த நூலைப் பார்த்த அம்மா, மறுநாள் போய்ப் பெயரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் படிக்க வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து திட்டத்தையும், புத்தகத்தையும், பிள்ளை செய்த வேலையையும் பார்ப்பார். திருப்தி என்றால் கையெழுத்து. இல்லையென்றால் அடுத்த பருவத்தில் பிள்ளை பழைய வகுப்புக்கே திரும்பியாக வேண்டும்.

அம்மா முன்பு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள். பதினோரு வருடம். ஒரு லென்ஸைப் போட்டு, இன்னொன்றைத் திருப்பி, "இது தெளிவா, முன்னாடி பாத்தது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டே பழகிய வாய். வேலையை விட்டாளே தவிர, வேலை அவளை விடவில்லை. பாடத்திட்டத்தையும் லென்ஸ் மாதிரியே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

முதலில் வந்தது கதை வழியாகவே எல்லாம் சொல்லித்தரும் திட்டம். அதைத் தள்ளிவிட்டு, பயிற்சி ஏடுகள் அடுக்கடுக்காக இருந்த இன்னொன்று. பிறகு கணினித் திரையில் ஓர் ஆந்தை கைதட்டிச் சொல்லித்தருவது. சரியான விடை சொன்னாலும் தப்பான விடை சொன்னாலும் அந்த ஆந்தை ஒரே மாதிரிதான் கைதட்டியது. மரமணி வைத்துக் கணக்குப் போடுவது ஒன்று. இயற்கையோடு ஒன்றிப் படிப்பது ஒன்று. அந்தத் திட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடை இருக்க வேண்டுமாம். மூன்றாவது மாடியில் ஓடைக்கு எங்கே போவது? இரண்டு வாரம் குளியலறைக் குழாய்தான் ஓடையாக ஓடியது.

இதற்கெல்லாம் தூபம் போட ஒரு கைபேசிக் குழு இருந்தது. வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார் நூற்றுச் சொச்சம் பேர். அதில் ஒருத்தியை அம்மா மனதுக்குள் 'மூணு பிள்ளைக்காரி' என்றுதான் கூப்பிடுவாள். "எங்க மூணும் இந்தப் புத்தகத்துல பறக்குதுங்க" என்று அவள் ஒரு படம் போட்டால் போதும், இவளுக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளாது. நம் பிள்ளை நடக்கவே காணோம், அவள் பிள்ளைகள் பறக்கின்றனவே என்று அடுத்த பெட்டிக்குச் சொல்லிவிடுவாள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். இவள் தச்சன்கூட இல்லை, மரத்தை வீட்டுக்கே வரவழைத்து அடுக்கிவைத்தவள்.

புதன்கிழமை முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தாள். அலமாரியிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து வாசலுக்கு, வாசலில் பெட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி அலமாரிக்கு. பழைய திட்டத்தோடு நிற்பதா, புதியதைப் பிரிப்பதா? கத்தரிக்கோலை எடுப்பாள், வைப்பாள். இதற்கு நடுவில் சுண்டுவை உட்கார வைத்துப் பதினோராவது புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னாள். சுண்டு வழக்கம்போல இடது உள்ளங்கையைப் பக்கத்தின் மேல் அழுத்தி ஊன்றிக்கொண்டு படித்தாள். அந்த ஊன்றலைப் பற்றியும் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வரி தாவுகிறதோ, பார்வையில் கோளாறோ என்று பழைய கடைக்கே கூட்டிப்போய் மூன்று முறை சோதித்தாயிற்று. கண் பளிங்காக இருந்தது.

ஐந்தாவது வரியில் சுண்டு நின்றாள். அம்மா ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்தாள்.

"சரி விடு கண்ணு. இந்தப் புத்தகத்துல எழுத்தே சரியில்ல. பொடிசா இருக்கு."

புத்தகத்தை இழுத்து மூடி அலமாரியில் சொருகினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடுகிறவள் வாயே திறக்கவில்லை, பார்க்கிறவள்தான் கூடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். விரலிடுக்கில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே வாசலில் கிடந்த பெட்டியைத் தாண்டி வந்தார்.

"இது எத்தனாவது?"

"பன்னெண்டு. ஆனா இது வேற மாதிரிங்க. இதுல பிள்ளையோட வேகத்துக்கு..."

"இங்க பாரு. ஒரு கட்டடத்துல பன்னெண்டு லிஃப்ட் இருக்கு. நீ ஒவ்வொண்ணா ஏறி, கதவு நல்லா மூடுதா, கண்ணாடி நல்லாருக்கான்னு பாத்துட்டு இறங்குற. எல்லாம் நல்ல லிஃப்ட்தான். ஆனா நீ இன்னும் கீழதானே நிக்கிற?"

"உங்களுக்கு எல்லாமே லிஃப்ட்தான். தப்பான புத்தகத்துல ஒரு வருஷம் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவருக்கும் பயம்தான். அந்த நூல் பிரிந்த சட்டையைத் தூக்கிப் போட மனசில்லாமல் தன் கருவிப் பையில் வைத்திருந்தவர் அவர்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, கையில் ஒரு குடை, தடித்த கோப்பு. மூக்குக்கண்ணாடி இடப்பக்கம் சற்றே சரிந்திருந்தது. நிமிர்த்தி வைக்க அம்மாவின் கை பரபரத்தது. பெட்டியை அவள் பிரிக்கவில்லை. நேரம் போதவில்லை, அவ்வளவுதான். ஞானம் வந்து அல்ல.

வண்ணம் தீட்டிய வருடத் திட்டத்தை அதிகாரி புரட்டினார். "ரொம்ப அழகா போட்டிருக்கீங்க" என்றார். "பாப்பா செஞ்ச வேலையக் காட்டுங்க."

அம்மா பதினோரு கோப்புகளைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினாள். அடுக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. அதிகாரி முதல் கோப்பைத் திறந்தார். ஆதிமனிதன், குகை, கல்லோடு கல்லை உரசும் ஒரு படம். இரண்டாவதைத் திறந்தார். ஆதிமனிதன், குகை, நெருப்பு. மூன்றாவதிலும் அதேதான். நாலாவதில் நெருப்புக்குச் சிவப்புப் பென்சிலால் வண்ணம் தீட்டியிருந்தது, ஐந்தாவதில் ஆரஞ்சால். கணக்குப் பக்கங்களில் ஒன்று, பத்து, நூறு என்ற இடமதிப்புக்கு மேல் எதுவும் இல்லை. அறிவியலில் செடியின் பாகங்கள் பதினோரு முறை. எந்தக் கோப்பிலும் மூன்றாவது பாடத்தைத் தாண்டி ஒரு தாள்கூட இல்லை. ஒவ்வொன்றாக வாங்கியபோது கண்ணில் படாதது, ஒரே மேஜையில் வரிசையாகக் கிடந்தபோது அம்மாவின் முகத்தில் அறைந்தது.

அதிகாரி சுண்டுவைப் பார்த்துத் திரும்பினார். "நெருப்பக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் மனுஷன் என்ன செஞ்சாம்மா?"

சுண்டு அம்மாவைப் பார்த்தாள். "தெரியாது. அதுக்குள்ள புத்தகம் மாறிடும்."

"ஏன் மாறிடும்?"

"நான் படிக்கும்போது நின்னுட்டா மாறிடும்."

"அப்படியெல்லாம் இல்ல கண்ணு" என்று அம்மா குறுக்கிட்டாள். அதிகாரி கையை லேசாக உயர்த்தினார். சுண்டு சட்டைக் கையை வாய்க்குக் கொண்டுபோய், கடிக்காமல் இறக்கிக்கொண்டாள்.

"ஸ்கூல்ல நின்னா டீச்சர் அடுத்த பிள்ளைகிட்ட போயிடுவாங்க. வீட்ல நின்னா அம்மா அடுத்த புத்தகத்துக்குப் போயிடுவாங்க."

யார் மேலும் குற்றமாக அவள் அதைச் சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்பதுபோலச் சொன்னாள். அம்மாவுக்கோ யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதுபோல இருந்தது. எந்த வகுப்பிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாளோ, அதே வகுப்பை இந்த மேஜையில் கடைவிரித்து நடத்தியிருக்கிறாள்.

"இதுல எந்தப் புத்தகம் உனக்குப் பிடிச்சிருந்துச்சு?" என்றார் அதிகாரி.

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

கண்ணாடிக் கடையில் இந்த வாக்கியத்தை அம்மா ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். இரண்டு லென்ஸும் ஒரே மாதிரி தெரிகிறது என்று ஆள் சொல்லிவிட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். அந்த லென்ஸின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு மேலும் திருப்பிக்கொண்டிருந்தால் கண் களைத்துப்போய் நல்ல லென்ஸும் மங்கும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள் முதல் நாள் சொல்லித்தருவதே இதைத்தான். ஊருக்குச் சொன்ன உபதேசம் வீட்டு வாசல்படி ஏறவில்லை.

அதிகாரி கோப்பை மூடினார். "இன்னைக்குக் கையெழுத்துப் போட முடியாதுங்க. ஆறு வாரம் கழிச்சு வரேன். ஒரே புத்தகம் போதும். எதுவா இருந்தாலும் சரி. ஆனா பாதியாவது தாண்டியிருக்கணும். இல்லன்னா ஸ்கூலுக்கு எழுதுறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

"சரிங்க மேடம்" என்றாள் அம்மா.

அவர் போனதும் அவள் மறுபடி நடக்கத் தொடங்கினாள். ஆறு வாரத்தில் பாதிப் புத்தகம். எந்தப் புத்தகம்? குழுவில் கேட்கலாமா? கைபேசியை எடுத்தவள், அதைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

"நீயே ஒண்ணு எடு சுண்டு."

சுண்டு யோசிக்கவே இல்லை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து நாலாவதாக வந்த புத்தகத்தை உருவினாள். அட்டையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம். ஆசிரியர் கையேடு இல்லாமல் பழசாக வாங்கியது. கையேடு இல்லாத புத்தகமா என்று அம்மாவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டாள்.

"ஏன் இது?"

"இதுல நெருப்புப் பாடத்தோட கடைசில ஒரு கை மட்டும் படம் போட்டிருக்கு. அது என்ன செய்யுதுன்னு அடுத்த பக்கத்துலதான் இருக்கும்."

"நீயே திருப்பிப் பாத்திருக்கலாமே?"

"பாத்துட்டு, புடிச்சுப்போய், அப்புறம் புத்தகம் போயிட்டா?"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கால் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. சுண்டு நாலாவது பாடத்தைத் திறந்து, இடது உள்ளங்கையைப் பக்கத்தின் மேல் ஊன்றினாள். விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்தினாள். மூன்று முறை கண்ணைச் சோதித்தவளுக்கு இப்போதுதான் அந்தக் கை தெரிந்தது. வரி தாவாமல் இருக்க வைத்த கை அல்ல அது. புத்தகத்தை யாரும் இழுத்துவிடாமல் பிடித்துவைத்திருந்த கை.

"மனிதன் களிமண்ணைப் பிசைந்து நெருப்பில் சுட்டான்" என்று சுண்டு படித்தாள். "இப்படித்தான் முதல் மண்... மண்..."

நின்றாள்.

அம்மாவின் வலது கை தானாக மேஜை மேல் ஏறியது. பழக்கம். அவள் அந்தக் கையைத் திரும்ப எடுத்துத் தன் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் அழுந்த உட்கார்ந்தாள். வெளியே லிஃப்ட் ஏதோ ஒரு மாடிக்கு ஏறி நின்றது. வாசலில் பிரிக்காத பெட்டி. கடிகாரம் அதுபாட்டுக்கு ஓடியது. இவ்வளவு நேரம் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சுண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். "அம்மா."

"ம்."

"புத்தகம் இருக்கும்ல?"

"இருக்கும். நீ மெதுவாப் படி."

சுண்டு வரியின் தொடக்கத்துக்குப் போனாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள். மூன்றாவது முறை, "மண்... பாண்... டம்" என்றாள். பிறகு முழுசாக, "மண்பாண்டம் உண்டானது" என்று முடித்தாள். பக்கம் முடிந்திருந்தது. ஊன்றியிருந்த உள்ளங்கையைத் தூக்கி, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.