ஒரு நாள் ஓய்வு

வாடகை என்ற சொல்லே சேஷனுக்கு ஆகாது. ஆர்.கே.புரத்து சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருபத்தாறு வருஷமாகக் குடியிருப்பவர், ரிட்டையரானதும் பெட்டியைக் கட்ட வேண்டியவர், அவர் போய் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனாலும் சொன்னார்.

"மாசாமாசம் டாலர்ல கட்டி, எவனோ ஒருத்தன் மிஷின்ல காகிதத்தை வெக்கறதாவது? ஒரு மாசம் பணம் போய்ச் சேரலேன்னா தூக்கிக் குப்பைல போட்டுடுவான். சர்வர் நம்மாத்துலயே இருக்கட்டும்."

"அவா டெய்லி பேக்கப் எடுப்பாப்பா," என்றாள் மகள் ஜ்யோத்ஸ்னா. குர்கான் கம்பெனி ஒன்றில் சர்வர்களைக் கவனிக்கும் வேலை பார்ப்பவள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அச்சா, உங்க இஷ்டம்," என்று விட்டுவிட்டாள்.

காகிதம் அவருடையதல்ல. வீட்டு வேலைக்கு வரும் முத்தம்மா, சாக்கடை ஓரத்துக் குடிசைப் பகுதியான ஜுக்கியில் குடியிருந்தாள். நூற்று நாற்பது தமிழ்க் குடும்பங்கள். அந்த இடத்தை இடிக்கப் போவதாகப் பேச்சு. குறித்த வருஷத்துக்கு முன்பே குடியேறியதற்கு அத்தாட்சி காட்டுகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம், காட்டாதவர்களுக்கு புல்டோசர். பழைய ரேஷன் கார்டையும் வாக்காளர் சீட்டையும் அவர்கள் பாலித்தீன் பையில் சுற்றிக் கூரையில் செருகி வைத்திருந்தார்கள். மழை வந்தால் போச்சு. சேஷன் ஒரு ஸ்கேனர் வாங்கினார். ஞாயிறுதோறும் ஒவ்வொரு குடும்பமாக வரவழைத்துப் படமெடுத்தார். கூலி வாங்காமல் வழக்கு நடத்தும் வக்கீல் ரோஹிணி எந்த நேரமும் தன் ஆபீஸிலிருந்தே அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் நிற்காமல் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், அதாவது சர்வர்.

நல்ல மனுஷர்தான், அதில் சந்தேகமில்லை. நல்ல மனுஷர்களுக்கு வரும் பிடிவாதமும் கூடவே இருந்தது.

நேரு பிளேஸுக்கு மூன்று சனிக்கிழமை அலைந்தார். மதர்போர்டு, ராம், டப்பா எல்லாம் சுலபமாகப் படிந்தன. டிஸ்க்கில்தான் மனம் நிற்கவில்லை. ஜ்யோத்ஸ்னா புதிதாக வாங்கச் சொன்னாள். கடைக்காரரோ ஏதோ ஆபீஸைக் காலி செய்தபோது கழற்றி வந்த கனமான டிஸ்க் இரண்டை மேஜை மேல் வைத்தார். நாலு வருஷம் ராப்பகலாக ஓடியவை. சேஷனின் கண் அதில் விழுந்துவிட்டது. புதியது புரொபேஷனில் இருக்கிற ஆள், இது நாலு வருஷம் லீவே போடாத ஆள்! ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாகவே எழுதப்படும். ஒன்று போனால் இன்னொன்று. சி.டி.யில் தனியாக எடுத்து வைக்கும்படி மகள் சொன்னதற்கு, "ரெண்டாவதே நகல்தானேடி," என்றார்.

"சாப், இஸ்கோ கபி பந்த் மத் கர்னா," என்றார் கடைக்காரர். இதை ஒருபோதும் நிறுத்திவிடாதீர்கள். சேஷனுக்கு டெல்லியின் கரண்ட் நினைவுக்கு வந்தது. அதே கடையில் பெரிய யு.பி.எஸ். ஒன்றும் வாங்கிக்கொண்டு திருப்தியாக வீடு திரும்பினார். பத்து மாசம் அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் நவராத்திரிக்கு முன்வாரம், பட்டப்பகலில் ஜுக்கியில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. கூரையில் செருகியது ஒன்றும் மிஞ்சவில்லை. மறுநாள் முத்தம்மா கட்டியிருந்த புடவையோடு வந்து நின்றாள். அழவில்லை.

"சார் பொட்டியிலதான் எல்லாம் இருக்குதுங்களே," என்றாள்.

சேஷனுக்கு அன்று வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. தசரா முடிந்த திங்களன்று கணக்கெடுக்க சர்க்கார் ஆட்கள் வருகிறார்கள் என்று ரோஹிணி ஃபோன் செய்தாள். முன்பே அவள் அச்செடுத்து வைத்திருந்தது பதினோரு குடும்பங்களுடையது மட்டும். மீதியை உடனே எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"பூஜை முடியட்டும்மா. எங்கே ஓடிப் போறது?"

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கினார். பேனா, டைப்ரைட்டர், மனைவி ஜலஜாவின் தையல் மிஷின் எல்லாம் வைத்தாயிற்று. சர்வர் பக்கம் போனார்.

"அது ஓடிண்டே இருக்கட்டுமே, ஏன்னா. மேலே ஒரு பொட்டு வெச்சாப் போறாதா?" என்றாள் ஜலஜா.

"பேனாவையே இன்னிக்குத் தொடமாட்டோம். இது மட்டும் உழைக்கணுமா? பாவம், ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும்."

முறைப்படி அணைத்தார். சந்தனம் குங்குமம் இட்டுப் பூ வைத்து, நிஜமான பக்தியோடு விழுந்து கும்பிட்டார்.

விஜயதசமி காலை சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. உள்ளேயிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம். அணைத்துப் போட்டார். மறுபடி அதே சத்தம். இரண்டாவது டிஸ்க் அந்தச் சத்தம்கூடப் போடவில்லை.

ஜ்யோத்ஸ்னா வந்து காதை வைத்துக் கேட்டாள். "ரெண்டும் ஒரே ஆபீஸ்லேர்ந்து வந்ததாப்பா? ஒரே வயசா? இத்தனை வருஷம் சூட்டுல ஓடினது ஆறிட்டா, சில சமயம் திரும்பச் சுத்தவே சுத்தாது. கடைல யாரும் சொல்லலையா?"

கடைக்காரர் சொல்லியிருந்தார். கரண்ட் போய் நின்றுவிடக் கூடாது என்றுதான் சேஷன் அதை எடுத்துக்கொண்டிருந்தார். தன் கையே நிறுத்தும் என்பது அவர் கணக்கில் வரவேயில்லை. சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். பம்பாய்க்கு அனுப்பிப் பார்க்கலாம், ஒரு மாசம் ஆகும், நிச்சயம் சொல்ல முடியாது என்றார்கள் நேரு பிளேஸில். திங்களுக்கு நாலு நாள் இருந்தது. முத்தம்மாவிடம் 'மிஷின் கெட்டுப்போச்சு' என்று மட்டும் சொன்னார்.

திங்களன்று கரிந்த தரையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோஹிணியின் பதினோரு குடும்பங்கள் பதிவாயின. முத்தம்மா அதில் இல்லை. அவள் முறை வந்ததும் சேஷன் முன்னால் போய்த் தன் அடையாள அட்டையை நீட்டினார். பதினாறு வருஷமாக இவளை எனக்குத் தெரியும், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று ஹிந்தியில் மன்றாடினார்.

மேஜையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்களும் சர்க்கார் ஆள்தானே சார். காகிதம் இல்லாமல் நீங்கள் எழுதுவீர்களா?"

முப்பது வருஷ உத்தியோகத்தில் சேஷன் ஒரு நாளும் எழுதியதில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து முத்தம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னார்: "மிஷின் தானாக் கெடலை முத்தம்மா. நான்தான் நிறுத்தினேன். நிறுத்தாதேன்னு கடைக்காரன் சொல்லியும் நிறுத்தினேன்."

"எதுக்குங்க சார் நிறுத்துனீங்க?"

"பூஜைக்கு."

திட்டுவாள் என்று நின்றார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"சாமிக்குங்களா," என்றாள்.

கரியிலிருந்து பொறுக்கி வைத்திருந்த இரண்டு பாத்திரங்களை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நாளையிலிருந்து வேலைக்கு வரமாட்டேன்னு மாமிகிட்ட சொல்லிடுங்க சார். எந்தப் பக்கம் போறோம்னு தெரியல. வேற ஆளு பாத்துக்கச் சொல்லுங்க."