இரண்டு தட்டு

வெளி உடையின் பின்கொக்கியை அதை அணிந்தவரால் பார்க்க முடியாது. பிடரிக்குக் கீழே, காற்று உருளைக்கு அடியில் ஒளிந்திருக்கும். கூட வருபவர்தான் குனிந்து, விளக்கடித்து, கொக்கிக்குள் பச்சைக் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் கொக்கி சரியாகப் பூட்டியிருக்கிறது; முதுகில் இரண்டு தட்டு. அதன் பிறகுதான் வெளிக்கதவு. இந்தக் கிரகத்தில் முதலில் வந்திறங்கியவர்கள் வைத்த வழக்கம் இது. வெளியே வீசும் காற்றை மனிதனால் சுவாசிக்க முடியாது.

நாளடைவில் அந்தத் தட்டு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு இரண்டு தட்டு. சண்டை முடிந்தால் இரண்டு தட்டு. எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்த அலுவலர்கூடக் கையெழுத்து வாங்கிய கையோடு எங்கள் முதுகில் தட்டித்தான் அனுப்பினார்.

நானும் என் கணவரும் ஒரே ஜோடியாகப் பத்தொன்பது வருடம் சூரியத் தகடுகளைத் துடைத்தோம். இங்கே ஒரு நாள் முப்பத்தொரு மணி நேரம். வேலை முறையோ நாங்கள் விட்டு வந்த உலகத்தின் கடிகாரப்படி. அதனால் ஒருநாள் வெயிலில் தூங்குவோம், மறுநாள் இருட்டில் துடைப்போம். முழுத் தூக்கம் தூங்கியவர் என்று எனக்குத் தெரிந்து இந்தக் குடியிருப்பில் யாரும் கிடையாது. அவர் மட்டும் அந்தக் களைப்பிலும் பேசிக்கொண்டே இருப்பார். தகடு வரிசையில் அவருக்குப் 'பேச்சுக்கடை' என்று பெயர்.

அன்று இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருக்கும் இடையறையில் நின்று உடை மாட்டிக்கொண்டிருந்தோம். முழங்கால் வலிக்கிறது என்றார்.

"வயசாகுதுல்ல," என்றேன்.

"யாருக்கு? இந்தக் கிரகம் சூரியன ஒரு சுத்து சுத்தி வர ரெண்டு வருஷம் ஆகுது. அந்தக் கணக்குல எனக்கு இருபத்தாறுதான். இன்னும் பொண்ணு பாக்கலாம்."

"பாருங்களேன். எவ வந்து கட்டிக்கிறான்னு நானும் பாக்குறேன்."

சிரித்துக்கொண்டே அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன்.

குனியவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து அவர் பேச்சு நின்றது. உடையில் எச்சரிக்கை மணி உண்டு. தூசு பட்டாலே அலறுகிறது என்று எல்லோரும் அணைத்து வைத்திருந்தோம். என் காதுக் கருவியில் சத்தமே இல்லை. அப்பாடா, கொஞ்ச நேரம் நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தபடியே ஆறு தகடு துடைத்தேன். ஏழாவதில்தான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் இறந்து நான்கு நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அலுவலக நடையில் என் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். பட்டறையில் வெளி உடைகளைப் பழுது பார்ப்பவன் அவன்தான். அண்ணனின் உடையையும் விபத்துக்கு முந்தின நாள் அவன்தான் பார்த்துக் கொடுத்திருந்தான். அவன் மனைவிக்கு ஆறாம் மாதம். குற்றம் அவன்மேல் விழுந்தால் ஐந்து வருடம் துருவச் சுரங்கம். அங்கே போனவர்களிடமிருந்து கடிதம் வரும். ஆள் திரும்பி வந்தது அபூர்வம்.

"அண்ணி, பச்சையப் பாத்தேன்னே சொல்லிடுங்க," என்றான்.

"பைத்தியமா உனக்கு? அப்ப பழி உன்மேலல்ல விழும்?"

"அன்னைக்குப் பதினாலு உடை. அண்ணனோடது எத்தனாவதுன்னுகூட ஞாபகம் இல்ல. தூக்கக் கலக்கம். நான் ஒழுங்காதான் பாத்தேன்னு எந்த வாயால சொல்லுவேன்? நீங்க பதிவேட்டுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அத மாத்திச் சொன்னா வேலையும் போயிடும், வீடும் போயிடும்."

"எனக்கு எதுக்குடா இனிமே வீடு?"

"அப்புறம் எங்க போவீங்க?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டான். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி என்னைவிட இளையவள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மேசைமேல் அந்தக் கொக்கி இருந்தது. பக்கத்தில் 'பச்சை கண்டேன்' என்ற வரிக்கு எதிரே என் கையெழுத்து. உடை மாட்டுவதற்கு முன்பே, வந்ததும் வராததுமாகப் போடும் கையெழுத்து.

"கொக்கி ஒரு பல் தள்ளி நின்னிருக்கும்மா," என்றாள். "பச்சை தெரிஞ்சு, அப்புறம் நழுவியிருந்தா, பழுது பாத்தவர் பொறுப்பு. ஆரம்பத்துலயே பச்சை தெரியலைன்னா அது வேற. நீங்க பாத்தீங்கதானே?"

எழுதித் தயாராக வைத்திருந்தாள். ஆமாம் என்றால் போதும்; அவளுக்கும் ஒரு வேலை தீரும்.

"தட்டினேன்," என்றேன்.

"அது இருக்கட்டும். பாத்தீங்களா?"

"பாக்கல."

பேனாவைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு மட்டுமா?"

யோசித்தேன். கடைசியாக எப்போது குனிந்தேன்? போன வாரம் இல்லை. போன மாதமும் இல்லை. எவ்வளவு பின்னால் போனாலும் என் கை அவர் முதுகைத் தட்டுவதுதான் நினைவில் இருக்கிறது. பச்சைக் கோடு எங்கேயும் இல்லை.

"தெரியலம்மா. பல வருஷம் இருக்கும்."

அவள் எழுதியதை அடித்துவிட்டு, வேறு எழுதினாள். அடுத்த விசாரணை அவளுக்கு வெளிக் கொட்டகையில். கதவருகே அவளோடு வெளியே போகும் ஆள் உடையோடு காத்திருந்தான். அவளுக்கு மாட்டிவிட்டு முதுகில் இரண்டு தட்டு தட்டினான். அவள் நகரவில்லை.

"பாத்தியா?" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்தான்.

கொழுந்தன் பட்டறையிலேயே இருக்கிறான். பெண் குழந்தை. என் வெளி அனுமதியையும் வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். இடையறைக்குப் பக்கத்தில், வெளி உடைக்குள் போடும் உள்ளாடைகளைத் துவைக்கும் அறையில் வேலை, அங்கேயே ஒரு கட்டில். நடுச்சுவரில் இடையறை தெரியும் ஒரு கண்ணாடி ஜன்னல்.

முதல் சில வாரம் எல்லோரும் ஒழுங்காகக் குனிந்தார்கள். பிறகு பழையபடி தட்டுச் சத்தம் மட்டும் கேட்க ஆரம்பித்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் நான் கண்ணாடியில் தட்டுவேன்.

"வந்துட்டா கண்ணாடிக்காரி. இவளுக்கு வேற பொழப்பே இல்ல," என்பார்கள்.

திட்டிக்கொண்டேதான் குனிகிறார்கள்.