பிரிந்த தேதி

பேக்கர்ஸ்ஃபீல்டில் டோனட் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது இபார்ராவின் அலுவலகம். அவள் வக்கீல் இல்லை. விவாகரத்துப் படிவங்களைக் குறைந்த கட்டணத்தில் நிரப்பித் தருபவள்.

எனக்கும் வெண்டலுக்கும் தகராறே இல்லை. வீடு அவனுக்கு, கார் எனக்கு, நாய் செத்துப்போயிற்று. கல்யாணத் தேதியைக்கூட இருவரும் ஒரே குரலில் சொன்னோம்: 2007 மே.

"பிரிஞ்ச தேதி?" என்று கேட்டாள் இபார்ரா.

"போன மார்ச்," என்றேன். அன்றுதான் அவன் பெட்டியோடு வெளியேறினான்.

"2009 ஆகஸ்ட்," என்றான் வெண்டல்.

"லூசா நீ? அப்பதானே மோரோ பே போனோம்! கடற்கரைல என் கையை விடவே இல்லையே நீ!"

"அங்கதான் முடிவு பண்ணேன், லொரெட்டா. சொல்லத்தான் வாய் வரல."

அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் தினமும் இந்த ஆளுக்குச் சாண்ட்விச் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"எதைப் போடறது? நீங்களே சொல்லுங்க," என்றேன் இபார்ராவிடம்.

"நான் யோசனை சொல்லக் கூடாதும்மா, சட்டம் விடாது. நீங்க சொல்றத டைப் அடிப்பேன். தகராறுன்னா வக்கீல்கிட்டதான் போகணும்."

"தகராறெல்லாம் இல்ல. அவன் சொன்னதையே போடுங்க."

படிவத்தில் அடுத்த கட்டத்தை அவளே கணக்குப் போட்டு நிரப்பினாள்.

"சேர்ந்து வாழ்ந்தது ரெண்டு வருஷம், மூணு மாசம். பேர்ல எழுத்துப் பிழை இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்கம்மா."