மூன்று சுடுதளங்களும் ஒரு கறுப்புக் கோலியும்

துப்பாக்கியை எந்த முனையில் பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தரும் பன்னிரண்டு நிமிடப் படத்தை டெல்மர் ஹோஸ்டெட்டர் ஒரு நொடி விடாமல் பார்த்து முடித்தார். வேறு வழியில்லை. படம் பார்க்காதவர்களை உள்ளே விடுவதில்லை என்று அந்த நகரத்து உள்ளரங்கச் சுடுதளத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பக்கத்து நாற்காலிகளில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார்கள். படம் முடிந்ததும் கவுண்டரில் இருந்த பெண், காதில் ஏழு வளையம், ஒரு படிவத்தை நீட்டினாள்.

"முதல் தடவையா சார்?"

"ஆறு வயசுலேர்ந்து சுடறேன்மா. இப்ப எழுபத்திரண்டு."

"சூப்பர் சார். இங்க முதல் தடவைதானே? இதுலயும் ஒரு கையெழுத்து."

டெல்மர் கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, கோடு போட்டு வைத்திருந்த கட்டங்களை நிரப்பினார். அரை மணிக்கு இருபத்திரண்டு டாலர். இலக்கு அட்டை தனி. காதடைப்பு வாடகை தனி. தோட்டா அவர்களிடமே வாங்க வேண்டும். தூரம்: இருபத்தைந்து கஜம், அதாவது மானைக் கட்டிப்பிடித்துச் சுடுகிறவனுக்குப் போதும். கழிப்பறை: உள்ளது, சுடுநீருடன். காப்பி: இலவசம், நன்றாகவும் இருக்கிறது. கொஞ்சம் யோசித்து, 'நன்றாகவும் இருக்கிறது' என்பதை மட்டும் அடித்தார். அறிக்கை நடுநிலையாக இருக்க வேண்டும் என்று கிளப்பின் தீர்மானத்திலேயே இருந்தது.

அறிக்கை என்றால், ஸ்டோனி ரிட்ஜ் மீன்பிடி மற்றும் துப்பாக்கி கிளப்பின் ஒப்பீட்டுக் குழு அறிக்கை. கிளப்பின் குளம் வற்றி முப்பது வருடமாகிறது. பெயரில் மட்டும் மீன் இன்னும் நீந்திக்கொண்டிருந்தது. நூற்று நாற்பது பேர் இருந்த கிளப்பில் இப்போது ஐம்பத்தெட்டு. இளையவர்கள் எல்லாம் இந்த ஏழு வளையக்காரியிடம் போய்ப் படம் பார்க்கிறார்கள். தலைவர் ரஸ்ஸல் ஐசன்ஹார்ட், ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர், வீட்டுத் தொலைபேசியின் பதிவுக் குரலில்கூட 'தலைவர் பேசுகிறேன்' என்று தொடங்குகிறவர், இதற்கு ஒரே காரணம்தான் என்று கண்டுபிடித்தார்: நம் அருமை வெளியே தெரியவில்லை. ஆகவே சுற்றுவட்டாரத்துச் சுடுதளங்களின் கட்டணத்தையும் வசதியையும் ஒப்பிட்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டால் கூட்டம் கதவை இடிக்கும். மூன்று பேர் குழு அமைக்கப்பட்டது. அதில் ஒருவர் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார், இன்னொருவர் போன வசந்தத்தில் காலமாகிவிட்டார், இருவர் பெயரையும் நீக்க ஓட்டெடுப்பு தேவை என்பதால் நீக்கவில்லை. மிச்சம் டெல்மர், இருபத்திரண்டு வருடச் செயலாளர்.

"முடிவு தெரிஞ்சதுதான் செயலாளரே," என்றார் தலைவர். "நாமதான் முதல். ஆதாரம் மட்டும் சேர்த்துட்டு வந்துடுங்க, போதும்."

அன்று மாலை சமையலறை மேசையில் டெல்மர் தங்கள் கிளப்புக்கான கட்டங்களை நிரப்பினார். வருடத்துக்கு நூற்றெண்பது டாலர். அதோடு பன்னிரண்டு மணி நேர உடலுழைப்பு: புல் வெட்டுவது, மண்மேட்டைச் சீர்படுத்துவது, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கைகாட்டும் இடத்துக்குக் கல் சுமப்பது. தூரம் இருநூறு கஜம் வரை. கழிப்பறை பற்றி, 'உண்டு' என்று மட்டும் எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தின் தலைப்பை அவரேதான் எழுதியிருந்தார்: உள்ளே வர என்ன வேண்டும்?

உள்ளரங்கத்துக்கு ஓர் அடையாள அட்டை வேண்டும். மாநில வேட்டைக் காட்டுச் சுடுதளத்துக்கு, வருடா வருடம் எல்லோரும் வாங்குகிற வேட்டை உரிமம் போதும், தனிக் காசு கிடையாது. கிளப்புக்கு? இரண்டு உறுப்பினர்களின் பரிந்துரை, மூன்று கூட்டங்களில் மூலையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருப்பது, அப்புறம் பெட்டி.

வாதுமை மரப் பெட்டி அது. முன்னால் கைவிட ஒரு துளை, துளைக்கு உள்ளே இரண்டு கிண்ணம். ஒன்றில் வெள்ளைக் கோலி, ஒன்றில் கறுப்புக் கோலி. ஒவ்வொருவராகப் போய்க் கைவிட்டு ஒரு கோலியை அடியறைக்குள் போட வேண்டும். எதைப் போட்டோம் என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. கடைசியில் தலைவர் அடியறையை இழுப்பார். ஒரே ஒரு கறுப்பு இருந்தாலும் ஆள் வெளியே. காரணம் கேட்கக்கூடாது. இதற்குப் பெயர் பாரம்பரியம்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், ஓர் அக்டோபர் மாலை, அந்தப் பெட்டிக்குள் கைவிட்டு ஆர்டெல் வெங்கருக்குக் கறுப்பைப் போட்டவர் டெல்மர். ஆர்டெலுக்குப் பரிந்துரை எழுதியவரும் அவரேதான்.

ஆர்டெல் தீவன ஆலை லாரி ஓட்டுநர். முதல் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. பதினாறு வயதில் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து முதல் மானுக்குக் காத்திருந்தவர்கள். அவனைக் கிளப்பில் சேர்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் டெல்மர்தான். மூன்றாம் கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை விருந்தாளியாக அவனை அழைத்துவந்து சுடுதளத்தின் மூன்றாம் எண் மேசையில் உட்கார வைத்தார். ஆர்டெல் தன் அப்பாவின் பழைய ரைஃபிளில் ஐந்து குண்டு சுட்டான். நூறு கஜத்தில் ஐந்தும் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. பார்த்தவர்கள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்கள். கிளப்பின் இலையுதிர்காலக் கோப்பையை டெல்மர் அப்போது தொடர்ந்து மூன்று வருடம் வென்றிருந்தார். கோப்பை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தகரத்துக்குப் பொன்முலாம். மனைவி லோரெய்ன் அதில் கடைக் கூப்பன்களைப் போட்டு வைத்திருந்தாள்.

கறுப்புக் கோலியைப் போடும்போது கௌரவமான காரணங்கள்தான் மனதில் இருந்தன. ஆர்டெல் சேற்றுப் பூட்ஸோடு கூடத்துக்குள் வருவான். அடுத்தவர் மேசையடியில் விழுந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்குவான். கிளப்புக்கென்று ஒரு தரம் இருக்கிறது. விரல் கறுப்பைத் தொட்டபோது இத்தனையும் உண்மை போலத்தான் இருந்தது. பிறகு வெளியே சரளைக்கல் மைதானத்தில், வண்டியில் மனைவி மார்லினோடும் அவள் மடியில் கொண்டாட்டத்துக்காகச் சுட்ட வெல்லப்பாகுப் பை என்ற இனிப்போடும் காத்திருந்த ஆர்டெலிடம் சேதி சொல்லப் போனதும் டெல்மர்தான். "எந்தப் பாவி போட்டான்னு தெரியலடா," என்றார். அதற்கப்புறம் அவனை நேராகப் பார்க்க முடியவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை, வேட்டைக்கு வேறு காடு போனார். பத்தொன்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது. கோப்பையை மேலும் ஒன்பது முறை வென்றார். கடைசி நான்கு முறை போட்டியிட்டது அவர் ஒருவர்தான்.

இப்போது ஆள் பஞ்சத்தில் கிளப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டது. 'இந்த ஆண்டுக்கு மட்டும்' கையெழுத்துப் போட்டவன் உறுப்பினன். போகிற இடமெல்லாம் கொடுக்கச் சொல்லி ஒரு கட்டுப் படிவத்தைத் தலைவர் தந்திருந்தார். டெல்மர் ஒன்றை உருவி, பெயர் இடத்தில் ஆர்டெல் வெங்கர் என்று எழுதி, கீழே பரிந்துரைப்பவராகத் தன் கையெழுத்தையும் போட்டார். ஆர்டெல் வந்து ஒரு சனிக்கிழமை அந்த மூன்றாம் எண் மேசையில் உட்கார்ந்துவிட்டால் போதும். பழையதைப் பேசாமலேயே காரியம் சரியாகிவிடும் என்று நம்பினார். வாழ்நாளெல்லாம் கூட்டக் குறிப்பு எழுதியவர்; வேண்டாத பேச்சைப் பதிவில் ஏற்றாமல் விட அவருக்குத் தெரியும்.

"ஆர்டெல் புதன்கிழமையில காட்டுச் சுடுதளத்துலதான் இருப்பாராம்," என்றாள் லோரெய்ன், அடுப்பைப் பார்த்தபடியே. "சர்ச்சுல மார்லின் சொன்னா. நீங்க கேக்கலைதான். சும்மா சொன்னேன்."

புதன்கிழமை தூறல் விட்டு ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. மான் பருவம் தொடங்க ஒன்றரை வாரம் இருந்ததால் ஸ்கோப்பைச் சரிபார்க்க நாலைந்து பேர் வந்திருந்தார்கள். இங்கே அதிகாரி யாரும் கிடையாது. இலக்கு அட்டையைப் பார்க்கப் போக வேண்டுமென்றால், சுடுகிறவர்கள் எல்லோரையும் கேட்க வேண்டும். எல்லோரும் சம்மதித்து, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து மேசையில் வைத்து, தரையில் போட்ட கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். போனவன் திரும்பும்வரை ஒருவரும் மேசைப் பக்கம் போவதில்லை. தலைவர் இல்லை, தீர்மானம் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் நம்பி நடந்துகொண்டிருந்தார்கள். 'உள்ளே வர என்ன வேண்டும்' கட்டத்தில் டெல்மர் 'உரிமம் தவிர ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார். நின்று பார்த்தபோது அது சரியில்லை என்று பட்டது.

ஆர்டெல் கடைசி மேசையில் இருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. அதே அப்பாவின் ரைஃபிள், அதே மாதிரிச் சேற்றுப் பூட்ஸ். சுட்ட அட்டையை அப்போதுதான் எடுத்துவந்து மேசையில் வைத்திருந்தார். மூன்று துளையும் நட்டநடுவில். அதை டெல்மர் கவனித்தார். அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை.

"யாரு, செயலாளரா?" ஆர்டெல் காதடைப்பைக் கழற்றிக் கழுத்தில் மாட்டினார். "வழி தப்பி வந்துட்டியா? இங்க கூட்டமெல்லாம் நடக்காதுடா."

"ஒப்பீட்டு அறிக்கை எழுதறேன்."

"என்னத்த ஒப்பிடற?"

"கட்டணம், தூரம், கழிப்பறை…"

"கழிப்பறை அதோ, அந்தக் கல்லு பின்னாடி. காசு கேக்க மாட்டாங்க. எழுதிக்கோ."

டெல்மர் உண்மையாகவே குறிப்பேட்டை எடுத்துவிட்டார். ஆர்டெல் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறவே இல்லை என்பதைத் தாங்க முடியாமல், ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்களை எல்லாம் விட்டுவிட்டு, டெல்மர் படிவத்தை நீட்டினார்.

"கிளப்புக்கு ஆள் எடுக்கறோம். கையெழுத்து போட்டா போதும். ஓட்டு கீட்டு எதுவும் கிடையாது."

ஆர்டெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்பக்கம் முழுவதையும் வாசித்தார். பரிந்துரைப்பவர் கையெழுத்தில் கண் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

"அட்டை தீர்ந்துபோச்சு," என்றார். "நல்லவேளை, பேப்பர் கொண்டாந்தே."

படிவத்தைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து, தன் சாமான் பெட்டியிலிருந்து தடித்த கறுப்புப் பேனாவை எடுத்து, நடுவில் ஒரு வட்டம் போட்டு நிரப்பத் தொடங்கினார். அவருடைய கை நடுங்குவதை டெல்மர் அப்போதுதான் கண்டார். பேனா முனை கோட்டுக்கு வெளியே வெளியே தாவியது. இந்தக் கையோடு இனி எந்தக் கோப்பையும் வெல்ல முடியாது. நினைப்பு வந்த வேகத்தில் கூடவே ஒரு சின்ன நிம்மதியும் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் உள்ளே அந்தப் பழைய பொறாமை உயிரோடு இருப்பதைப் பார்த்து டெல்மருக்குக் காது சூடாகியது.

"இவ்வளவு இருக்குமா?" ஆர்டெல் தலை நிமிராமல் கேட்டார்.

"எது?"

"அந்தக் கறுப்புக் கோலி. நான் பார்த்ததில்லையே. ஓட்டுப் போடறப்ப என்னை எங்க உள்ள விட்டாங்க."

இரண்டு மேசை தள்ளி யாரோ சுட்டார்கள். காதடைப்பு இல்லாத டெல்மரின் காதில் அது ரீங்கரித்தது. தெரியாது என்று சொல்லலாம். அளவை மட்டும் சொல்லிவிட்டு நகரலாம். செயலாளருக்குப் பெட்டியின் அளவு தெரியாதா?

"கையில எடுத்தா," என்றார், "கையில எடுத்தா இன்னும் பெருசா இருக்கும்டா."

ஆர்டெல் தலையாட்டினார். வட்டத்தைச் சுற்றி இன்னொரு சுற்று வரைந்து பெரிதாக்கினார்.

"அன்னிக்கு வெளிய வந்து சேதி சொன்னப்ப என் தோள்ல கை வச்சே. நாப்பத்தேழு வருஷப் பழக்கத்துல அதுக்கு முன்னாடி நீ என்னைத் தொட்டதே கிடையாது. உங்க அப்பா சாவுலகூட தள்ளித்தான் நின்னே. வண்டி ரோட்டுல ஏறறதுக்குள்ள, போட்டது நீதான்னு மார்லின் சொல்லிட்டா."

"அப்பவேவா?"

"அந்த வெல்லப்பாகுப் பையைத் திங்கறதா வேண்டாமான்னுதான் ரொம்ப நேரம் பேசினோம். தின்னுட்டோம்."

"ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா சேத்துக்கிட்டிருப்பியா?" ஆர்டெல் எழுந்தார். "நீ வந்து சொல்லுவேன்னு இருந்தேன். ரெண்டு மூணு வருஷம் இருந்தேன். அப்புறம் மறந்துட்டேன்டா. மறந்தேன்னுதான் நினைச்சேன்."

பிறகு வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒரு பெண் உட்பட எல்லோரும் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். ஆர்டெல் நூறு கஜம் நடந்து, பலகையில் படிவத்தைக் குத்தி மாட்டிவிட்டு, அதே நிதானத்தில் திரும்பி வந்தார். மேசையில் உட்கார்ந்து தோளைச் சரிசெய்தார். அடிக்கட்டை கன்னத்தைத் தொட்டதும் கை நடுக்கம் நின்றது. மூன்று முறை சுட்டார், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு பெருமூச்சு இடைவெளி விட்டு. பித்தளைக் கூடுகள் மூன்றையும் குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீ போய்ப் பாருடா. அறிக்கை எழுதறவன் நீதானே."

மறுபடியும் எல்லோரும் பின்னால் வந்து நிற்க, டெல்மர் தனியாக நடந்தார். புல்லின் ஈரம் காலுறைக்குள் இறங்கியது.

மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரு நாணயத்தால் மூடிவிடலாம் போல இருந்தன. ஆனால் வட்டத்தில் இல்லை. வட்டத்துக்கு ஒரு சாண் இடப்புறம், வெறும் வெள்ளையில். கறுப்பில் ஒரு கீறல்கூட இல்லை. சற்று முன் அதே ரைஃபிளில் நட்டநடுவில் சுட்ட அட்டை அந்த மேசைமேல் இன்னும் கிடக்கிறது.

டெல்மர் பெருவிரலை எடுத்து அந்தக் கறுப்பின்மேல் வைத்தார். ஈரக்காற்றில் மை காயவில்லை. விரலை எடுத்ததும் தாளில் வட்டம் கலைந்திருந்தது, விரல் நுனி கறுத்திருந்தது. சட்டையில் துடைக்கப் போய், துடைக்காமல் நிறுத்தினார்.

"ஐயா, ஆச்சா?" என்று ஆரஞ்சுத் தொப்பிப் பெண் கத்தினாள்.

டெல்மர் திரும்பிப் பார்த்தார். நூறு கஜத்துக்கு அப்பால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள், கடைசியில் ஆர்டெலும். டெல்மர் திரும்பி வரும்வரை ஒருவரும் துப்பாக்கியைத் தொட மாட்டார்கள்.