போகிற தூரம்

ஆயிரம் மீட்டருக்குள் இன்னொரு தொடக்கப்பள்ளி இருந்தால் சின்னப் பள்ளியைப் பெரியதோடு சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள். பக்கத்து ஊரில் முப்பத்தொன்று. நடுவில் ஒரே ஒரு சாலை. அது எத்தனை மீட்டர் என்று அளந்து சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சாலைகளை அளப்பதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் தொழில். கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போவேன். அதிலுள்ள எண்காட்டி மீட்டரைக் காட்டும். ஊரில் எனக்கு 'உருட்டு' என்று பட்டப்பெயர். சொல்கிறவர்கள் சொல்லட்டும், என் சக்கரம் பொய் சொன்னதில்லை.

ஊர்க்கூட்டத்தில் இரண்டு கட்சி. பள்ளி பெரிதானால் வகுப்புக்கு ஒரு டீச்சராவது கிடைப்பார் என்றது ஒன்று. நம் பிள்ளைகளை அந்த ஊரில் கொண்டுபோய் விடுவதா என்று குதித்தது இன்னொன்று. இரண்டு ஊருக்கும் முகம் கொடுத்துப் பேசுகிற பழக்கமில்லை. கடைகண்ணி எல்லாம் எதிர்த்திசையில் இருந்ததால் எங்கள் ஆட்களுக்கு அந்தப் பக்கம் போகிற வேலையும் இருந்ததில்லை. என் மகள் மூன்றாம் வகுப்பு. அதனால் இரண்டு கட்சியும் என் முகத்தையே பார்த்தன.

பள்ளி கேட்டிலிருந்து பள்ளி கேட் வரை அளந்தேன். 984 மீட்டர்.

"பதினாறு மீட்டர்தாங்க. நம்ம வீட்டுல இருந்து குழாயடி வரைக்கும்கூட இல்ல. ஆயிரத்து ஒண்ணுன்னு எழுதினா யாரு வந்து பார்க்கப் போறா?" என்றாள் என் மனைவி. அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். எழுத்தைத் திருத்துவது அவளுக்குப் பெரிய விஷயமில்லை.

"நான் பார்த்தேனே."

"உங்க நேர்மைய வெச்சு நாக்கு வழிக்கவா?"

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. திரும்பி வரும்போதும் சக்கரத்தை உருட்டிக்கொண்டேதான் வந்தேன். 1,031 காட்டியது. ஜல்லியில் வழுக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, அதில் 984 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுபடி அளக்காமல் விட்டது சோம்பலால் இல்லை, திமிரால்.

எங்கள் பள்ளியைப் பூட்டினார்கள். எங்கள் தலைமையாசிரியை பக்கத்து ஊர்ப் பள்ளியில் சாதாரண டீச்சரானார். காலையில் பிள்ளைகளை அழைத்துப் போய், மூன்றரைக்குப் பள்ளி விட்டதும் அழைத்து வந்தார். முதல் வாரம் நாலு மணிக்குள் பிள்ளைகள் வீட்டில். மூன்றாம் வாரம் நாலே முக்கால். வழியில் ஆட்டம் போடுகிறார்கள் என்று சில வீடுகளில் முதுகில் நாலு வைத்தார்கள்.

"எங்கயும் நிக்கல சார், நடந்துக்கிட்டேதான் இருந்தோம்," என்றார் டீச்சர். அவர் செருப்பின் அடி தேய்ந்து கால் தெரிந்தது. என் மகளின் ஷூவும் அப்படித்தான், வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் போவதற்கோ பத்தே நிமிஷம்.

சனிக்கிழமை நானே உருட்டிப் பார்த்தேன். போகும்போது 984. திரும்பும்போது 1,640. இன்னொரு தடவை போனேன், 984. திரும்பினேன், 1,712. சாலை அதேதான். விளக்குக் கம்பங்கள் போகும்போதும் இருபத்திரண்டு, வரும்போதும் இருபத்திரண்டு. ஆனால் வரும்போது ஒரு கம்பத்திலிருந்து அடுத்ததைத் தொடுவதற்குள் வாய் வறண்டது.

அலுவலகத்தில் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போற தூரம்னு ஒரு கட்டம்தான் இருக்கு. வர்ற தூரத்துக்குக் கட்டமே இல்லையே."

"இல்ல சார், வர்றப்போ—"

"தூரம்னா தூரம்தானய்யா. போனா என்ன, வந்தா என்ன? கையெழுத்து உங்களோடதுதான?"

வேன் வைத்துப் பார்த்தோம். நாலாம் நாள் வேன்காரர், "ஆளை விடுங்கப்பா" என்று ஓடிவிட்டார். ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். டீச்சர் அந்த ஊரிலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார். நான் மட்டும் என் மகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். அளந்து கொடுத்தவனே நிறுத்தினால் ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அனுப்பினேன், வேறு காரணம் இல்லை.

புதன்கிழமை அவள் தனியாக நடந்து வீடு வந்தபோது ஆறேகால். மறுநாள் காலையில் மனைவி தீர்த்துச் சொன்னாள்: "இன்னையோட சரி. நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. நாளைல இருந்து எம்புள்ள வீட்ல இருக்கும்."

மூன்றரைக்கு அந்தப் பள்ளி கேட்டில் நின்றேன். டீச்சர் மகளின் கையை என்னிடம் கொடுத்தார்.

"எதுக்கு சார் அலையுறீங்க? இங்கயே வீடு பாருங்க. நிறைய காலியா இருக்கு. பெருக்கித் தொடச்சுத் தயாரா வெச்சிருக்காங்க."

"யாருக்கு?"

"நமக்குத்தான்," என்று சிரித்தார். நல்லவர்தான். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

எண்காட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பி நடக்க ஆரம்பித்தோம். 984 வந்தபோது நாங்கள் முதல் கம்பத்தைக்கூடத் தொடவில்லை. எதிரே எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, பெரிதாகவும் ஆகாமல் சிறிதாகவும் ஆகாமல். 3,000-ல் மகள் கால் வலிக்கிறது என்றாள். தோளில் தூக்கிக்கொண்டேன். 5,200-ல் மூன்றாம் கம்பம். என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அப்பா, ஸ்கூல் இங்கயேதாம்ப்பா இருக்கு," என்றாள் தோளிலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். கல்லெறியும் தூரத்தில் பள்ளி கேட். டீச்சர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்த ஊர்க்காரர்கள் சிலர், கையைக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

செல்போன் அடித்தது. மனைவி. மணி ஆறு.

"எங்க இருக்கீங்க? பாப்பா எங்க?"

"தோள்ல இருக்கா. வந்துட்டே இருக்கோம்."

"ரொம்ப தூரமா? நான் வரவா?"

தூரம்தான், நீ வராதே, கடையைப் பூட்டிவிட்டு வீட்டிலேயே இரு என்று சொல்லியிருக்கலாம். அவள் இருந்திருப்பாள், என் வாயிலிருந்து மீட்டர் கணக்கு வந்தால் அவள் சந்தேகப்பட்டதே இல்லை. ஆனால் அவள் பக்கத்திலிருந்து இது போகிற தூரம். எட்டு நிமிஷம், ஒன்பது நிமிஷம். மகள் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. தனியாக இருக்கப் பயமாக இருந்தது.

"இல்ல," என்றேன். "பக்கம்தான்."

சொன்னது உண்மை. ஒரு மீட்டர் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஒன்பதாவது நிமிஷம் வந்து சேர்ந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. மகளை என் தோளிலிருந்து இறக்கி, முகத்தைத் துடைத்து, பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இவ்வளவு பக்கத்துல நின்னுக்கிட்டா ஆறு மணி வரைக்கும் பயமுறுத்துனீங்க? நல்ல ஆளுதாங்க நீங்க. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பக்கம் திரும்பி விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். சக்கரத்தை உருட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனேன்.