ஐந்தாவது ஆள்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் ஆயிரத்து எழுநூறு வெள்ளியாக உயரப்போகிறது, அதைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு ஞாயிறு மலரில் கட்டுரை கேட்டிருந்தார்கள். "இந்தப் பணத்தில் கோலாலம்பூரில் ஒருவர் எப்படி வாழ்வது?" என்று தொடங்கி மூன்று பத்தி எழுதியும்விட்டேன். நல்ல பத்திகள்தான். அவற்றில் வந்த முதலாளிகள் எல்லோருக்கும் ஒரே முகம். எல்லோரும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மாலை கிள்ளானில் குமுதாவின் டோபிக் கடைக்குத் துணி எடுக்கப் போனேன். கடைக்குள் சட்டை முதுகில் ஒட்டும் சூடு. என் பையை மேசைமேல் வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"பேப்பர்ல எழுதுறீங்கல்ல, ஒண்ணு சொல்லுங்க. அஞ்சு பேர் இருந்தா பிப்ரவரியிலயே ஏத்தணுமாம். அஞ்சுக்குக் கீழன்னா ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருக்காம். எங்கிட்ட சரியா அஞ்சு பேரு. யாரை விட்டுட்டு எண்ணுறது?"

கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

2

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

குமுதா கணக்கில் கெட்டிக்காரி, மனதில்—

இல்லை. இது பழைய கட்டுரையின் குரல்.

ஏழை முதலாளியான குமுதா—

இதுவும் சரியில்லை. அவளுக்குச் சொந்த வீடு இருக்கிறது. வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை என்றாலும் வீடு வீடுதான்.

இப்படித் தொடங்குகிறேன். குமுதாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஷா ஆலமில் அவள் வேலை செய்த எலக்ட்ரானிக் தொழிற்சாலையை ஒருநாள் மூடினார்கள். கிடைத்த இழப்பீட்டில் இரண்டு சலவை இயந்திரங்கள் வாங்கிக் கடை போட்டாள். இன்று அவளிடம் துவைப்பதற்கு இரண்டு நேபாளிகள், வேன் ஓட்ட நாகையா, இஸ்திரி மேசையில் வீரம்மா, கவுண்டரில் வாணி. வாணி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆகவே யாரை விட்டுவிட்டு எண்ணுவது என்ற கேள்விக்கு என்னிடம் கேட்கும் முன்பே குமுதாவிடம் பதில் இருந்தது. வேறு யாராவது அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் எதிர்பார்த்தாள்.

(நான் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.)

3

முதலில் அவள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். அங்கே ஒரு சின்ன ஓட்டலின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அவள் கடைக்குத்தான் வரும். கடையின் பாதி வருமானம் அது. ஓட்டலில் சாமான் வாங்குவதைப் பார்த்துக்கொள்பவர் சிவேந்திரன். நல்ல மனிதர். குமுதா விரிப்புக்கு ஐம்பது சென், அதாவது அரை வெள்ளி, கூடக் கேட்டாள்.

"எங்களுக்கும் சேம் ப்ராப்ளம் லா, குமுதா," என்றார் அவர். "எங்க ஸ்டாஃபுக்கும் ஏறுது. நீங்க எங்கிட்ட கேக்குறீங்க, நான் யார்கிட்ட கேக்குறது? கெஸ்ட்கிட்டயா? ரூமுக்குப் பத்து வெள்ளி ஏத்தினா அடுத்த ஓட்டலுக்குப் போயிடுவான்."

"அப்ப எவ்வளவு முடியும்?"

"இருபது சென். அதுவே எங்க பாஸுக்குத் தெரியாம."

அவர் வாங்கிக் கொடுத்த ஐஸ் காப்பியை அவள் குடித்து முடித்தாள். அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

4

இனி வீரம்மா. இந்தப் பாத்திரத்தில்தான் தடுக்கி விழுந்தேன்.

முதல் வரைவில் வீரம்மா இப்படிப் பேசினாள்: "எனக்கு ஏத்த வேணாம்மா. அந்தப் பொண்ணை மட்டும் அனுப்பிடாத." எழுதியதும் எனக்கே நெஞ்சு நிறைந்தது. குமுதாவிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"வீராக்காவா? இப்படியா?"

நடந்தது வேறு. வீரம்மா ஏற்கெனவே ஆயிரத்து எழுநூற்றைம்பது வாங்கிக்கொண்டிருந்தாள். சட்டப்படி அவளுக்கு ஒரு காசும் ஏற்ற வேண்டியதில்லை. அன்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"நேத்து வந்தவளுக்கும் எனக்கும் அம்பது வெள்ளிதான் வித்தியாசமா?"

"உங்க சம்பளத்துல நான் கை வைக்கலையே அக்கா. கவர்மென்ட் சொல்லுது, ஏத்துறேன்."

"என்னதைக் கொறைக்கச் சொல்லி கவர்மென்ட் சொல்லல. ஆனா கொறைஞ்சுதான் போச்சு."

வீரம்மா அடுத்த சட்டையை விரித்தாள். காலரை அழுத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "வாணியை அனுப்பிடேன். கவுண்டரை நான் பாத்துக்குறேன். அவ சம்பளத்துல பாதி எனக்குப் போட்டுக் குடு."

(இந்த வாக்கியத்துக்காக அவளை வெறுக்காதீர்கள். வெறுப்பீர்கள் என்று பயந்துதான் முதலில் மாற்றி எழுதினேன். பதினான்கு வருடமாக அந்தச் சூட்டில் நிற்பவள் அவள். நானில்லை, நீங்களுமில்லை.)

5

வெள்ளிக்கிழமை காலை. குமுதா வாணியைப் பக்கத்திலிருந்த 'மாமாக்' சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனாள். ரொட்டி சானாய் சொன்னாள், தே தாரிக் தேநீர் சொன்னாள். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

வாணி முந்திக்கொண்டாள். "தேங்க்ஸ் ஆன்டி. எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு தெரியும். ஏத்துறீங்கன்னு நாகையா அங்கிள் சொன்னாரு. நான் வேற ரூம் பாத்துட்டேன். பந்திங்லேருந்து அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாம்னு."

குமுதா தட்டைப் பார்த்தாள். ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையை மூடிய அன்று மேலாளர் எல்லோருக்கும் நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். இப்போது தானும் அதே மாதிரி ஒரு தட்டை வாங்கி ஒரு பெண்ணின் முன்னால் வைத்திருப்பது அவளுக்கு உறைத்தது.

"ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு ஆன்டி."

"அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னால தண்ணி ஒழுங்கா வருதான்னு பாரு. சாப்பிடு."

6

நான் எழுதி வைத்திருந்த முடிவுகளில் ஒன்றில் வாணிக்குப் பேரங்காடியில் நல்ல வேலை கிடைக்கிறது, தானே விலகிக்கொள்கிறாள். இன்னொன்றில் சிவேந்திரன் மனம் மாறி ஐம்பது சென்னுக்கும் சம்மதிக்கிறார். இரண்டும் எனக்கு வசதியான முடிவுகள். அதனாலேயே வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரியில் ஐந்து பேரும் இருந்தார்கள். வீரம்மாவுக்கும் குமுதா நூறு வெள்ளி ஏற்றினாள். வீரம்மா நன்றி சொல்லவில்லை, ஆனால் கவுண்டரில் கூட்டம் சேரும்போது வாணிக்குத் துணி மடித்துக் கொடுக்கிறாள். இருபது சென்னும் கட்டுப்படியாகவில்லை என்று மார்ச்சில் ஓட்டல் செலாயாங்கில் உள்ள ஒரு பெரிய சலவை ஆலைக்கு மாறிவிட்டது. அதைச் சொல்ல வந்த சிவேந்திரன் கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார். இப்போது குமுதா இரண்டாவது இஸ்திரி மேசையில் தானே நிற்கிறாள். இந்த மாதம் அவள் தனக்கென்று எடுத்தது நேபாளி ஒருவரின் சம்பளத்தைவிடக் குறைவு. அவளுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

"சரியாத்தான் செஞ்சேனா?" என்று என்னிடம் கேட்டாள்.

என் மூன்று பத்திகளில் இதற்குப் பதில் இருந்தது. அவற்றைக் கிழித்துப்போட்டிருந்தேன்.

7

மலர் ஆசிரியர் கேட்கிறார்: கடை நிலைக்குமா, மூடுமா? முடிவில்லாமல் கதையா?

முடிவு என் கையில் இல்லை. சட்டை இஸ்திரிக்கு ஐம்பது சென் கூடியிருக்கிறது. புதிய விலையைக் கண்ணாடிக் கதவில் வாணியின் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். எதிர்வரிசையில் காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் டோபி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஆளில்லாத கடை, இரவு பகலாகத் திறந்திருக்கும், விலையும் மலிவு. இந்தத் தெருவுக்கு நீங்கள் அழுக்குத் துணி மூட்டையோடு வந்திருக்கிறீர்கள். உள்ளேயிருந்து குமுதா உங்களைப் பார்த்துவிட்டாள், கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். நீங்கள் ஒரு நிமிடம் நின்று, கதவில் ஒட்டியிருக்கும் விலையைப் படித்துவிட்டு, எதிர்வரிசையையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு,